மல்லாட்டை செல்லுமா? தொடர் போட்டிக்கு விதி எழுதும் முன் பேசித் தீர்க்கணும்

காட்பாடி ஜங்ஷன்:
எல்லாருக்கும் வணக்கம். 2019-ல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மாவட்டம் மூணா பிரிஞ்ச பிறகும் எழுத்துகளைப் பலகையில அடுக்கிச் சொல் சேர்க்கிற நம்ம ஆன்லைன் சொல்லாட்டக் குழு பழைய வடார்க்காடாவே இருக்கு. வாரம் தவறாம ஆடுறவங்க இப்ப 32 பேர். ஆடியில ஆரம்பிச்சு மார்கழி வரைக்கும் மாசம் ஒண்ணுன்னு ஆறு போட்டி வெச்சு, ஒருத்தரைத் தொடர் சாம்பியன்னு அறிவிக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

என் திட்டம்: ஞாயிறு சாயந்திரம் 4 மணி, நாக்-அவுட். ஆளுக்கு 25 நிமிஷக் கடிகாரம். அஞ்சு சுற்றும் ராத்திரி 9-க்குள்ள முடிஞ்சிடும். நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், சேர்ற பணம் ஜெயிக்கிறவருக்கு. ஒரு சொல் செல்லுமா செல்லாதான்னு தகராறு வந்தா சென்னைப் பல்கலைக்கழக அகராதியான தமிழ் லெக்சிகன்தான் தீர்ப்பு. மறுப்பு இருந்தா காரணத்தோட எழுதுங்க.

குடியாத்தம் தறி:
அண்ணா, தொடர் கட்டாயம் வேணும். நாக்-அவுட் வேணாம்.

32 பேர் ஆடுற நாக்-அவுட்ல மொத்தமே 31 ஆட்டம். முதல் சுற்று முடிஞ்சதும் 16 பேர் வீட்டுக்குப் போயிடுவாங்க. போன பொங்கலுக்கு நாம நடத்தினதுல எங்க அக்கா பொண்ணு முதல் ஆட்டத்துலயே தோத்தா. கைக்கு வந்த ஏழு எழுத்துல அஞ்சு புள்ளி வெச்ச எழுத்து. தமிழ்ல மெய்யெழுத்துல எந்தச் சொல்லும் தொடங்காது, அவ என்ன பண்ணுவா? மூணு வாரம் சொற்பட்டியலை மனப்பாடம் பண்ணின பொண்ணு 40 நிமிஷத்துல வெளியே வந்துட்டா. அதுக்கப்புறம் குழு பக்கமே வரல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

சதுரங்கத்துல 1895-லயே சூரிச்ல ஆரம்பிச்ச சுவிஸ் முறை இருக்கு. ஒவ்வொரு சுற்றுலயும் சமமான வெற்றி வெச்சிருக்கிறவங்களை ஜோடி போடுவாங்க, யாரும் வெளியேற மாட்டாங்க. அதே அஞ்சு சுற்று, ஆனா 80 ஆட்டம்.

காட்பாடி ஜங்ஷன்:
தம்பி, அந்தப் பொண்ணு விஷயம் எனக்கும் மனசுக்குக் கஷ்டம்தான். ஆனா சுவிஸ்ல இறுதி ஆட்டம்னு ஒண்ணு கிடையாதே. போன தடவை இறுதியை எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தாங்க, ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டினாங்க! அந்தப் பரபரப்பு இல்லாம எதுக்குப் போட்டி? கடைசிச் சுற்றுல மூணு ஆட்டம் தோத்தவங்க எந்த ஆர்வத்தோட ஆடுவாங்க?

குடியாத்தம் தறி:
கணக்குப் போட்டுப் பாருங்க அண்ணா. 32 பேர், எல்லா ஆட்டத்தையும் ஜெயிச்சவங்க முதல் சுற்றுக்கு அப்புறம் 16, அப்புறம் 8, 4, 2, 1. அஞ்சாவது சுற்றுல அந்த ரெண்டு பேரும் மோதுறதுதான் இறுதி ஆட்டம், டிரா மட்டும் ஆகக் கூடாது. நீங்க கேட்ட பரபரப்பு அதுலயே இருக்கு, மத்த 30 பேரும் கூடவே ஆடிட்டு இருப்பாங்க. மூணு தோத்தவங்களுக்கு ஆர்வம் இருக்குமான்னு கேட்டா, அவங்களுக்கு ஜோடியும் மூணு தோத்தவங்களாத்தான் வரும். புதுசா வந்தவங்க முதல் ஜெயிப்பைப் பார்க்கிற இடமே அதுதான்.

ஆம்பூர் ரெண்டாம் ஷிப்டு:
நீங்க ரெண்டு பேரும் முறையைப் பத்திப் பேசுறீங்க, நேரத்தைப் பத்தி யாரும் பேசல. நான் ஷூ கம்பெனியில வேலை. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு, துணி துவைக்கணும், பிள்ளைங்களை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அஞ்சு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார முடியாது. நம்ம குழுவுல ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பார்க்கிற பொண்ணுங்களே ஆறேழு பேர் இருக்காங்க.

ஒரு சுற்றுக்கு மூணு நாள் கொடுங்க. ரெண்டு பேரும் பேசி ஒரு மணி நேரம் குறிச்சுக்கட்டும், அந்த நேரத்துல நேருக்கு நேர் ஆடட்டும். பதினஞ்சு நாள்ல அஞ்சு சுற்றும் முடிஞ்சிடும். ஆறு மாசப் போட்டியில நல்லா ஆடின நாலை மட்டும் கணக்குல எடுங்க. ஒருத்தர் வீட்டுல கல்யாணம், இன்னொருத்தருக்கு ஓவர்டைம், ரெண்டு மாசம் தவறினாலும் தொடர்ல இருப்பாங்க.

காட்பாடி ஜங்ஷன்:
அக்கா, நாள் தள்ளிப் போச்சுன்னா மோசடிக்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிடும். பக்கத்துல இன்னொரு போன் வெச்சுக்கிட்டு எழுத்தைப் போட்டுச் சொல் தேடுறவங்களை எப்படிப் பிடிப்பீங்க?

ஆம்பூர் ரெண்டாம் ஷிப்டு:
ஞாயிறு 4 மணிக்கு மட்டும் அந்த இன்னொரு போன் வீட்டுல இருக்காதா? அதுக்கும் நாளுக்கும் சம்பந்தம் இல்ல தம்பி. சந்தேகம் வந்தா ஆட்டப் பதிவை எடுத்துப் பார்ப்போம்.

ஆற்காடு டீச்சர்:
சுற்று முறையை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் பிள்ளைகளே. அகராதி விஷயத்தில் மட்டும் என்னால் சும்மா இருக்க முடியாது. முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான்.

லெக்சிகன் பெரிய உழைப்பு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஆனால் அதற்குப் பின் தமிழில் எத்தனை சொற்கள் பிறந்திருக்கின்றன! நாம் தினமும் பேசுகிற கணினியும் இணையமும் அந்தத் தொகுதிகளுக்குப் பின் வந்தவை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் சேர்க்க வேண்டும். 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் இரண்டாவது, 2020-இல் மூன்றாவது. இரண்டில் எதில் இருந்தாலும் செல்லும் என்று வைப்போம்.

இன்னொன்று. நம் பக்கத்துச் சொற்கள். மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் தேய்ந்து மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று ஆனது. நம் ஊர்ச் சந்தையில் யாரும் அதை வேர்க்கடலை என்று கேட்பதில்லை. நம் மண்ணில் நடக்கிற போட்டியில் மல்லாட்டை செல்லாது என்றால் எனக்கு ஒப்பவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
டீச்சர், உங்க மேல மரியாதை வெச்சே மறுக்கிறேன். இங்க கதவைத் திறந்தா மூட முடியாது. இன்னைக்கு மல்லாட்டைன்னா நாளைக்கு ‘கீது’ம் செல்லும்பாங்க. அப்பால, அந்தாண்ட, இந்தாண்ட எல்லாம் வரும். எழுத்துல ஒரு நிலையான வடிவம் இல்லாத சொல்லை எப்படி ஏத்துக்கிறது? ஒருத்தர் மல்லாட்டை, இன்னொருத்தர் மல்லாட்ட, மூணாவது ஆள் மல்லாக்கொட்டைம்பார். நடுவரா உட்கார்றவன் நான், திட்டு வாங்கப்போறதும் நான்.

ஆற்காடு டீச்சர்:
‘கீது’ என்பது ‘இருக்கிறது’ தேய்ந்து வந்த வினை வடிவம். மல்லாட்டை ஒரு பொருளின் பெயர். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே கண்ணு. வட்டாரச் சொல்லை அகராதிக்காரர்களே ஒதுக்கவில்லை. லெக்சிகன் வட்டார வழக்குக்கு ஒரு குறி, யாழ்ப்பாண வழக்குக்குத் தனியாக ஒரு குறி போட்டிருக்கிறது. க்ரியா இலங்கைச் சொற்களைச் சேர்த்திருக்கிறது. யாழ்ப்பாணச் சொல்லுக்கு அகராதியில் இடம் உண்டு, நம் அணைக்கட்டு ஊர்ச் சொல்லுக்கு நம் ஆட்டத்தில்கூட இடமில்லை என்றால் எப்படி?

வாணியம்பாடி பாய்:
டீச்சர் சொல்றதோட நான் ஒரு படி மேல போறேன். அகராதியில தனிப் பதிவா இருக்கிற தலைச்சொல் மட்டும்தான் செல்லும்னா வினைச்சொல்லுக்கு எங்க போறது? வா, போ, நில், படி, எல்லாம் ஒரெழுத்து, ரெண்டெழுத்து. பத்து நிமிஷத்துல பலகை அடைச்சுக்கும். வந்தான், படித்தேன் எல்லாம் தமிழ்தானே? இங்கிலீஷ் ஸ்கிராபிள்ல வினையோட காலம், பன்மை எல்லாம் செல்லுதே.

சோளிங்கர் மலையடி:
பாய், நிரல் எழுதுறவனா நான் சொல்றேன், அது முடியாது. இங்கிலீஷ்ல ஒரு வினைக்கு நாலஞ்சு வடிவம். தமிழ்ல வந்தான், வந்தாள், வந்தது, வருவேன், வராதவன், வந்துவிட்டாளாம்னு நூத்துக்கணக்குல போகும். பெயர்ச்சொல்லும் அப்படித்தான், மரம், மரத்தை, மரத்தையும், மரத்தையுமா. யாராவது ஒரு சொல்லை வெச்சா அடுத்தவர் வாலை மட்டும் ஒட்டிக்கிட்டே போவார். ஸ்கிராபிளை உருவாக்கின ஆல்பிரட் பட்ஸுக்கே இந்தக் கவலை இருந்தது. பன்மை ரொம்பச் சுலபமாயிடும்னுதான் 100 கட்டையில ‘எஸ்’ எழுத்தை நாலோட நிறுத்தினார்னு சொல்வாங்க. ஒரே ஒரு விகுதிக்கே அவ்வளவு யோசிச்சிருக்கார்.

தலைச்சொல் மட்டும்னாலும் பலகை அடைக்காது. தொழிற்பெயர் எல்லாம் தனித் தலைச்சொல். படிப்பு, வருகை, ஓட்டம், நடத்தை, நிலைப்பாடு. ஆடிப் பாருங்க, தெரியும்.

இதைவிட அவசரமான ஒண்ணு இருக்கு. போன மாசம் ஒருத்தர் ‘கொக்கு’ போட்டார், செல்லாதுன்னு வந்தது, ஞாபகம் இருக்கா? அது அகராதித் தப்பு இல்ல. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோட் முறையில ‘கொ’வை ரெண்டு விதமா எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாவும் போடலாம், தனித்தனிக் குறியாவும் போடலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி, கணினிக்கு வேற வேற. ‘ஔவை’யும் அப்படித்தான், ஔ தனி எழுத்து, ஆனா பாதிப் பேர் ஒ போட்டு ள போட்டு அடிச்சு வெச்சிருக்கோம். நம்ம பட்டியலை நாலு பேர் நாலு விசைப்பலகையில அடிச்சோம். அதை முழுக்க ஒரே வடிவத்துக்கு மாத்தணும். எழுத்து எண்ணிக்கையும் அதே கதை. தமிழ் மூணு எழுத்து, கணினி அஞ்சு குறியா எண்ணும். எழுத்துக்கு ஏத்த மதிப்பெண் போடுற ஆட்டத்துல இது சரியாகாம தொடர் ஆரம்பிச்சா, முதல் வாரமே நம்பிக்கை போயிடும். எனக்கு ரெண்டு வாரம் கொடுங்க.

ஒரு நிபந்தனை: ஆடி முதல் தேதியோட சொற்பட்டியலை மூடிடணும். மார்கழி வரைக்கும் ஒரு சொல் உள்ளே வராது, ஒரு சொல் வெளியே போகாது.

வாணியம்பாடி பாய்:
தொழிற்பெயர் செல்லும்னா சரி. வினைமுற்று பத்தி என் கருத்து மாறல, ஆனா போட்டிக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

இன்னொரு விஷயம், 50 ரூபாய்க் கட்டணத்தைத் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. 2025 ஆகஸ்டுல நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துல, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற எதிர்பார்ப்போட ஆடினா, அது திறமை ஆட்டமா இருந்தாலும் தடைதான். நம்ம பிள்ளைங்களும் ஆடுறாங்க. பரிசுக்கு நான் என் காசுல புத்தகம் வாங்கித் தர்றேன்.

காட்பாடி ஜங்ஷன்:
கட்டணத்தை எடுத்தாச்சு பாய், அதுல விவாதமே வேணாம். சுவிஸ் முறைக்கும் ஒத்துக்கிறேன், கணக்கைப் பார்த்த பிறகு மறுக்க வழியில்ல. சுற்றுக்கு மூணு நாள், ஆறுல நாலு, ரெண்டும் சரி.

வட்டாரச் சொல்லுக்கு மட்டும் ஒரு விதி கேட்கிறேன். பெயர்ச்சொல்லா இருக்கணும். ஒரே எழுத்து வடிவத்துல வேற வேற ஊரைச் சேர்ந்த மூணு பேர் உறுதி சொல்லணும். ஆடிக்கு முன்னாடி டீச்சர் கையெழுத்து வாங்கணும். அதிகபட்சம் 100 சொல்.

ஆற்காடு டீச்சர்:
நூறு போதாது. ஏர், கிணறு, தறி, தோல் பதனிடுதல், இவற்றில் மட்டுமே நூறு வரும். ஆனாலும் தொடங்குவோம். முதல் சொல் மல்லாட்டை, ‘டை’யில் முடியும் வடிவம். ஆற்காட்டிலிருந்து நான் உறுதி சொல்கிறேன்.

குடியாத்தம் தறி:
குடியாத்தத்துல இருந்து நான்.

காட்பாடி ஜங்ஷன்:
இன்னும் ஒரு ஆள் வேணும். அப்புறம் கடைசியா ஒரு ஆசை. மார்கழிப் போட்டி முடிஞ்சதும் முதல் நாலு இடக்காரங்களை வேலூர்க் கோட்டைப் பூங்காவுல நேர்ல உட்கார வெச்சு ஆடணும். அங்கயாவது நாக்-அவுட் வெச்சுக்கலாம்ல?

ஆம்பூர் ரெண்டாம் ஷிப்டு:
அந்த நாலு பேருக்கு வெச்சுக்கோங்க தம்பி, சாம்பியன் பட்டத்தை அதுல கட்டாதீங்க. ஆறு மாசம் ஆடிச் சேர்த்த புள்ளியை ஒரு சாயந்திரம் கலைக்கக் கூடாது. மல்லாட்டைக்கு ஆம்பூர்ல இருந்து என் பேரைப் போட்டுக்கோங்க.