கூட்டுப்புழு நூல் அறுந்து விழுந்துருச்சு, உயிரோட இருக்கா?

திருமங்கலம் மாடித்தோட்டம்:
வணக்கம். தொட்டிக் கறிவேப்பிலையில ஒரு புழு. சின்னதுல காக்கா எச்சம் மாதிரி இருந்துச்சு, அப்புறம் பச்சையாச்சு. தொட்டா தலைக்குப் பின்னாடி செம்மஞ்சள்ல ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு வாடை அடிக்கும். எட்டு வயசு மக கண்ணாடி பாட்டில்ல குச்சி போட்டு வளர்த்தா. ஒன்பது நாளைக்கு முன்னாடி இடுப்புல நூல் கட்டிக் குச்சியில சாஞ்சு கூடாச்சு. நேத்து பாட்டில் கைதவறிச் சாஞ்சு நூல் அறுந்து அடியில கெடக்கு. இன்னைக்குக் காலையில பாத்தா கருத்திருக்கு. புள்ள சாப்பிடாம உக்காந்திருக்கா. யாராவது சொல்லுங்க.

சோழவந்தான்காரன்:
ஊசியால லேசா கீறி விட்டா வெளிய வரச் சுலபமா இருக்கும்ல?

மேலூர் நாரத்தைத் தோட்டம்:
தம்பி, கீறவே கூடாது. உள்ள ரெக்கை முத்தலைன்னா அதோட போச்சு.
அக்கா, நீங்க சொல்றது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி மாதிரி தெரியுது. எங்க நாரத்தைக் கொழுந்துல வருசா வருசம் பாக்குறதுதான். கருத்தா செத்துச்சுன்னு அர்த்தமில்ல. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. தோலுக்கு அடியில மஞ்சப்புள்ளி தெரிஞ்சா ரெக்கை தயார், ஒண்ணு ரெண்டு நாள்ல வந்துரும். புள்ளியே இல்லாம முழுக்கக் கருத்து, மெத்துனு அமுங்கி, நாத்தம் அடிச்சாத்தான் போச்சு. ஊசி முனையளவு ஓட்டை இருந்தா குளவி முட்டை வச்சிருக்கு.
பாட்டில்ல விடாதீங்க, கண்ணாடியில கால் பிடிக்காது. கடலைப் பொட்டலம் மாதிரி காகிதத்தைச் சுருட்டி, வால்முனை கீழ, தலை மேல இருக்குற மாதிரி நிறுத்துங்க. பக்கத்துல சொரசொரப்பான குச்சி ஒண்ணு சாச்சு வைங்க. வெளிய வந்ததும் அதுல ஏறித் தொங்கணும். தொங்க இடமில்லேன்னா ரெக்கை சுருங்கினபடியே காஞ்சு போயிரும், அப்புறம் பறக்கவே முடியாது.

திருமங்கலம் மாடித்தோட்டம்:
மஞ்சப்புள்ளி தெரியுது! ஓட்டை எதுவும் இல்ல. பொட்டலத்துல வச்சுட்டேன். மக கேக்குறா: உள்ள புழு கூழாயிருமா? வெளிய வந்தா என்னைய ஞாபகம் இருக்குமா?

நாகமலை டீச்சர்:
பாப்பாகிட்ட சொல்லுங்க, பாதிதான் கூழ். புழுவோட தசையில பெரும்பகுதி கரையும். ஆனா மூச்சுக்குழல், நரம்பெல்லாம் மாறிக்கிட்டே கூட வருது. ரெக்கை, பட்டாம்பூச்சியோட உணர்கொம்பு இதுக்கான சின்னச் சின்ன செல் கூட்டம் புழுவா இருக்கும்போதே உடம்புக்குள்ள ஒதுங்கிக் கெடக்கும். கரைஞ்ச சத்துலதான் அதுங்க வளருது.
ஞாபகம் பத்தி: 2008-ல அமெரிக்காவுல ஒரு அந்துப்பூச்சியோட புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி லேசா மின்சாரம் பாய்ச்சினாங்க. கடைசிப் பருவத்துல இதைப் பழகின புழு, அந்துப்பூச்சியாகி வெளிய வந்த பிறகும் அந்த வாசனையை ஒதுக்குச்சு. ஆளை ஞாபகம் வச்சுக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா புழுவுல கத்துக்கிட்டது எல்லாமே அழிஞ்சு போறதில்ல.

திருமங்கலம் மாடித்தோட்டம்:
வந்துருச்சு! இன்னைக்குக் காலையில ஆறரை மணிக்கு. ரெக்கை ஈரத்துணியைக் கசக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. குச்சியில ஏறித் தொங்குச்சு, கண்ணு முன்னாடியே விரிஞ்சுச்சு. நாக்கு ரெண்டு நூலாப் பிரிஞ்சு கெடந்தது, சுருட்டிச் சுருட்டி ஒண்ணாச் சேத்துக்கிட்டுச்சு. மக மூச்சு விடாம பாத்தா. ஆனா வயித்துல இருந்து பழுப்பா ஒரு சொட்டு விழுந்துச்சு, ரத்தமோன்னு அழுகுறா.

மேலூர் நாரத்தைத் தோட்டம்:
ரத்தமில்ல அக்கா. கூட்டுக்குள்ள இருந்தப்ப சேர்ந்த கழிவு, எல்லாப் பட்டாம்பூச்சியும் விடும். ரெக்கை காயுற வரைக்கும் யாரும் தொட வேணாம், எறும்பு மட்டும் அண்டாம பாத்துக்கங்க. வெயில் ஏறினதும் மாடிக்குக் குச்சியோட கொண்டு போய் வைங்க.