சிங்கப்பூர் போற டெல்டா தம்பிகளுக்கு: கேசினோ வாசல்ல நம்மகிட்ட மட்டும் ஏன் காசு கேக்குறதில்ல?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ரெண்டு பேரு அடுத்த வாரம் ஒர்க் பெர்மிட்ல கெளம்புறாங்க. அதுல ஒருத்தன், "அண்ணே, கேசினோவுக்குள்ள நம்மள விடுவாங்களா?"ன்னு கேட்டான். விடுவாங்க தம்பி. சிக்கலே அதுதான்.

21 வயசு ஆயிருந்தா வெளிநாட்டுக்காரன் சும்மாவே உள்ள போகலாம். சிங்கப்பூர் குடிமகனும் பி.ஆர்.ங்கற நிரந்தரவாசம் வாங்கினவனும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்டணும். 2019க்கு முன்னாடி 100 வெள்ளி. 2005ல கேசினோ வேணுமா வேணாமான்னு அங்க பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. சொந்த சனம் வீட்டுக்காச தொலைச்சிடக் கூடாதுன்னுதான் இந்த வேலி. வெளியாளு காசு வந்தா ஊருக்கு வருமானம். 2010ல மரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசான்னு ரெண்டு கேசினோவ தொறந்தாங்க. 2009ல சிங்கப்பூருக்கு வந்த பயணிங்க 97 லட்சம், 2010ல 1 கோடியே 16 லட்சம். கேசினோ மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஓட்டல், மாநாட்டு மண்டபம், கடைன்னு ஆயிரக்கணக்கான பேருக்கு அங்க வேலை இருக்கு.

கணக்குல நீயும் வெளியாளுதான். ஆனா டூரிஸ்ட் இல்ல. ஏஜென்ட்டுக்குக் கட்டுன பணத்துக்கு அம்மா தாலிச்செயின் கூட்டுறவு பேங்க்ல கெடக்கு.

சக்கரத்த சுத்தி, குண்டு எந்த நம்பர்ல விழும்னு காசு வெக்குற ரவுலட்ட எடுத்துக்க. ஒத்த பூஜ்யம் வெச்ச மேசையில மொத்தம் 37 கட்டம். 37லயும் கட்டத்துக்கு ஒரு வெள்ளி வெச்சா, செயிச்ச கட்டத்துக்கு 35ம் வெச்ச ஒன்னும் சேந்து 36 திரும்பும். ஒரு வெள்ளி மேசைக்கு. எத்தன ராத்திரி ஒக்காந்தாலும் இதான் கணக்கு. காவிரியில தண்ணி வராத வருஷம்கூட கடைமடைக்காரன் அடுத்த வருஷத்த நம்பலாம், இங்க அதுவும் இல்ல.

எங்க ரூம்ல ஒருத்தரு ரெண்டு மாச சம்பளத்த ஒரே ஞாயித்துக்கிழமைல விட்டாரு. மொதல்ல 400 வெள்ளி செயிச்சதுதான் வினை. ஊருக்கு, "கம்பெனி இன்னும் சம்பளம் போடல"ன்னு சொன்னாரு. அப்புறம் ரூம்ல எல்லார்கிட்டயும் கடன்.

கை அரிக்கும்னு தோணுச்சுன்னா, போன ஒடனே ஒன்னு பண்ணு. என்னை உள்ள விடாதீங்கன்னு நீயே பேரு குடுத்துக்கலாம். சூதாட்டப் பிரச்சினைக்குன்னே அங்க ஒரு தேசிய மன்றம் இருக்கு, வேலை பெர்மிட்காரனும் விண்ணப்பிக்கலாம். எங்க ரூம்காரரு அதத்தான் செஞ்சாரு, ஆனா கடன் ஏறுன பெறவு.

வேடிக்க பாக்கணும்னா தாராளமா போ. மரினா பே தண்ணி ஓரத்துல ராத்திரி வெளிச்சக் காட்சி இலவசம். அங்கேர்ந்து எம்.ஆர்.டி. ரயில் புடிச்சா நம்மாளுங்க கூடுற தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கந்தான், சாப்பாட்டுக்கு அங்க வந்துடு.