தோல் பாக்கி 12 லட்சம், பேச்சு முட்டி நிற்கிறது: சமரசம் உதவுமா?

கேள்வி: எங்களுடையது பேரணாம்பட்டு தோல் ஷாப், வாங்கியது ஆம்பூர் ஷூ கம்பெனி. பில் 12 லட்சம். தரமும் சதுர அடியும் குறைவு என்று அவர்கள் 8-ஐத் தாண்டவில்லை. நாங்கள் 11-க்குக் கீழே இறங்கவில்லை. நேராக வேலூரில் கேஸ் போடலாமா?

பதில் 1: தடை போன்ற அவசர இடைக்கால உத்தரவு கேட்காவிட்டால் முடியாது. 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குக்கு, வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவின்படி முதலில் சமரசம் (பொது ஆள் ஒருவர் நடுவில் இருந்து நடத்தும் பேச்சு). இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. தவிர்த்தால் மனுவே தள்ளுபடி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் படிவம் 1, 1,000 ரூபாயுடன் கொடுங்கள். எதிர்த்தரப்பு வராவிட்டால், வரவில்லை என்று அங்கே தரும் அறிக்கையோடு வழக்குத் தொடரலாம். சமரச நாட்கள் வழக்குப் போடும் காலவரம்பில் சேராது.

பதில் 2: அண்ணா, 8-க்கும் 11-க்கும் நடுவே பேரம் பேசாதீர்கள். இருப்பது இரண்டு சண்டை, அடிக் கணக்கும் தரமும்; பிரித்துவிடுங்கள். அடிக் கணக்குக்கு, வெட்டாத தோலில் இரு தரப்பும் சேர்ந்து 50 எடுத்து, பொது மெஷினில் அளந்து, அந்த விகிதத்தை முழு லாட்டுக்கும் போடுங்கள். வெட்டிய பிறகு நிரூபிப்பது கஷ்டம்; வெட்டுவதை நிறுத்தச் சொல்லி இன்றே எழுத்தில் கொடுங்கள். தரத்துக்கு வெளி செலக்‌ஷன் ஆள் (தோலைத் தரம் பிரிப்பவர்) போதும்.

கடைசித் தொகையைத் தனி அமர்வில் சமரசரிடம் மட்டும் சொல்லுங்கள். அனுமதியின்றி அவர் மறுபக்கம் சொல்லக்கூடாது. கையெழுத்து அதிகாரமில்லாத மேனேஜரை அனுப்பினால்தான் பெரும்பாலும் கெடுகிறது. மீதி இடைவெளியைத் தவணையிலோ அடுத்த ஆர்டரிலோ அடைக்கலாம்.

பதில் 3: தொகை குறைந்தால் ஜிஎஸ்டி கிரெடிட் நோட் (பில் தொகையும் வரியும் குறைந்ததைக் காட்டும் சீட்டு) யார், எப்போது தருவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டினால் வரி திரும்பாது.