72 பொருளில் முகமூடி எங்கே?

செந்தூல் வாணி:
பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றில் நடக்கும் கண்காட்சிக்குப் போனேன். வெள்ளை முகமூடியை மாட்டி, வீட்டில் பேசும் குரலில் ஒருமுறை, ஆபீஸ் குரலில் ஒருமுறை நம்ம பேரைச் சொல்லணும். ரெண்டாவது குரல் எனக்கே அந்நியமா இருந்தது. பார்க்க வந்தவங்களையே கலைக்குள் இழுத்து முகமூடியைக் கழற்றவைத்த வேலையைத் தொடங்கியவர் செர்பியக் கலைஞர் மரீனா அப்ரமோவிச். ‘ரிதம் 0’ங்கிற அவரோட நிகழ்த்துகலை, இத்தாலியின் நேப்பிள்ஸ், 1974.

கேரித்தீவான்:
தொடங்கியவரா? எங்க கேரித்தீவில் மாஹ் மேரி பழங்குடி மக்கள் செதுக்குற முகமூடி கண்ணில் படலையா? ஹரி மோயாங், அதான் முன்னோர் திருநாள், அன்னிக்கு அதை மாட்டி ஆடுறாங்களே! அந்த அம்மா 6 மணி நேரம் அசையாம நின்னாங்க, வந்தவங்க அவர்மேல் இஷ்டம்போல பயன்படுத்த மேசையில் 72 பொருள். அதில் முகமூடி எங்கே?

செந்தூல் வாணி:
முகமூடி போட்டிருந்தது வந்தவங்க. முதலில் பூ கொடுத்தவங்க பிறகு துணியைக் கத்தரிச்சாங்க, தோலைக் கீறினாங்க. துப்பாக்கியை அவர்மேலேயே நீட்டினாங்க. மரியாதை முகம் கழன்று விழுந்தது அங்கேதான்.

கேரித்தீவான்:
கதை வேணாம். 72 பொருள். முகமூடி எங்கே?

தண்ணீர்மலையான்:
கண்ணாடி இருந்தது அண்ணே.

கேரித்தீவான்:
எங்க தாத்தாவும் கண்ணாடி போட்டவர்தான். அது முகமூடியா?

தண்ணீர்மலையான்:
முகம் பார்க்குற கண்ணாடி!

கேரித்தீவான்:
அதை ஒழுங்கா எழுதலாமே. பினாங்குக்காரங்க எதையும் பாதியில் விடுவாங்க.

தண்ணீர்மலையான்:
தைப்பூசத் தேர் விவாதத்தில் வாங்கிக்கட்டிக்கிட்ட கோபம் இன்னும் ஆறலை போல. வாணி, தொடங்கியவர்னு சொன்னது தப்புதான். 1964-லேயே ஜப்பானியக் கலைஞர் யோக்கோ ஓனோ கியோத்தோவில் ‘கட் பீஸ்’ செஞ்சிட்டாங்க. வந்தவங்க ஒவ்வொருத்தரா மேடையேறி அவர் உடையைக் கத்தரிச்சாங்க.

கேரித்தீவான்:
அதிலும் கத்தரிக்கோல்தான். முகமூடி எங்கே?

செந்தூல் வாணி:
மாஹ் மேரி ஆட்டம் சடங்கு. நான் பேசுறது கலை.

கேரித்தீவான்:
இதுக்குத்தான் எரியுது. அப்பா தோட்டத்தில் வேலை செஞ்சார். பள்ளி விட்டதும் செதுக்குறவர் வாசலில் போய் உட்காருவேன். நியிரே பத்து மரம், செக்கச்செவேல்னு இருக்கும். ஒருநாள் பாதி செதுக்கின முகத்தை என் முகத்தில் வெச்சார். கண் துளை ரொம்பச் சின்னது, தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்கணும். என் கழுத்து அசையுற விதமே மாறிப்போச்சு. அது என்னை மறைக்கலை, வேற ஆளா ஆக்கிச்சு. முகமூடின்னாலே பொய், கழற்றினா உண்மைன்னு யார் சொன்னது?

செந்தூல் வாணி:
நானும் குரல் மாறினதைத்தானே சொன்னேன்?

கேரித்தீவான்:
நீங்க சொன்னது ‘தொடங்கியவர்’. 72 பொருளையும் வரிசையா எழுதுங்க, நானும் தேடுறேன்.

தண்ணீர்மலையான்:
அன்னிக்கும் இப்படித்தான், தங்கத் தேரா வெள்ளித் தேரான்னு ராத்திரி 2 மணி வரைக்கும்...

கேரித்தீவான்:
தேர் பேச்சை எடுக்காதீங்க. அதில் நான் சொன்னதுதான் சரி.