எழுத்தில் இல்லாத நரி

உப்புவெளி அம்மம்மா:
பேத்திக்கு 4 வயது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அவளுக்கு அனுப்பிய புத்தகங்களில் பாட் ஹட்சின்ஸின் 'ரோசிஸ் வாக்' ஒன்று, 1968இல் வந்தது. முழுப் புத்தகத்துக்கும் ஒரே வசனம், ஆங்கிலத்தில் 32 சொற்கள். ரோசி என்ற கோழி உலாத்தப் போகிறது. முற்றம், குளம், வைக்கோற்போர் எல்லாம் கடந்து சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான். நானும் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மம்மா, பின்னால நரி!"

உண்மைதான். கோழிக்குப் பின்னால் ஒரு நரி பாயக் காத்திருக்கிறது. எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதல் பாய்ச்சலிலேயே கீழே கிடந்த, குப்பை வாரும் ரேக்கின் பல்லில் மிதிக்க, பிடி எழும்பி மூக்கில் அடிக்கிறது. ரோசி திரும்பியும் பார்ப்பதில்லை.

இப்போது அந்தப் பக்கம் வந்தால், திருப்புவதற்கு முன் ரேக்கின் பல்லில் விரலை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். கோழிக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற பெருமை முகத்தில். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளை அவள்! ஒருநாள் "இந்தா நரி வருது" என்று நான் முந்திக்கொண்டேன். முகம் வாடிவிட்டது. "நீங்க எழுத்தை மட்டும் வாசியுங்கோ" என்றாள். அன்றிலிருந்து படத்தை அவளிடமே விட்டுவிட்டேன்.

நிலாவெளி அப்பா:
இது பழைய வித்தை அம்மா. ரண்டொல்ஃப் கால்டெகொட் என்ற ஆங்கிலேய ஓவியர் 1882இலேயே செய்திருக்கிறார். குழந்தையைச் சுற்ற முயல்தோல் தேடி அப்பா வேட்டைக்குப் போவதாக ஒரு தாலாட்டு. கடைசிப் படத்தில், முயல்தோல் போர்த்திய குழந்தை உயிருள்ள முயல்களைப் பார்த்தபடி நிற்கிறது. அதற்கு எழுத்தே இல்லை. "அது அதுகளின்ட அம்மாவின்ட தோலா அப்பா?" என்று மகன் கேட்டான். எனக்கு நா எழவில்லை.

முன்பள்ளி ரீச்சர்:
நான் கையால் வரைந்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் திரியுமே, அதுதான் கதை. "அப்பா அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்கு நடந்தார்" என்று மட்டும் எழுதினேன். படத்தில் பின்னால் வரும் மான் ஒவ்வொரு வாழைப்பழமாக இழுத்துத் தின்னும். பிள்ளைகள் "அப்பா, திரும்பிப் பாருங்கோ!" என்று கத்துவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மிச்சப் பழத்தை எண்ணுவார்கள்.

பார்க்க வந்த ஒருவர், மானைப் பற்றியும் எழுதினால்தான் பிள்ளைகளுக்கு விளங்கும் என்றார். சரி என்று "மான் பழத்தைத் தின்றது" என்று சேர்த்தேன். அடுத்த நாள் வாசித்தபோது ஒருவரும் கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. பின்னேரமே அந்த வரியின் மேல் வெள்ளைத்தாள் வெட்டி ஒட்டிவிட்டேன். பழம் எண்ணுகிற சத்தம் திரும்ப வந்துவிட்டது.