பெட் தேய்ந்ததா, முறுக்கியதா?

கடைமடை: நாலரை அடி பழைய லேத் (இரும்புக் கடைசல் இயந்திரம்), வீட்டுக் கொட்டகையில் சிமெண்ட் தரையில் நிற்கிறது. கம்பியைச் சக்கில் (சுழலும் பிடிப்பான்) மட்டும் பிடித்து 150 மி.மீ. கடைந்தால் வெளிமுனை 0.08 மி.மீ. தடிப்பு. டூல் நகர்ந்து ஓடும் அடித்தளமான பெட்டைக் கிரைண்டிங் கொடுக்கலாமா?

மன்னை டர்னர்: கொடுத்துவிடுங்கள். சக்கை ஒட்டிய ஒரு அடிதான் இத்தனை வருஷம் உழைத்திருக்கும். அங்கே சேடில் (டூலைச் சுமந்து பெட்டில் நகரும் பகுதி) ஜிப்பை, அதாவது தளர்வைச் சரிசெய்யும் பட்டையை, அளவாக இறுக்கி, டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனைத் தாங்கி) பக்கம் தள்ளுங்கள். சிக்கினால் பெட் தேய்ந்ததுதான்.

குடந்தை பிட்டர்: சிக்கினாலும் அவசரப்படாதீங்க. பெட்டில் 0.3 எடுத்தால் சேடில் 0.3 இறங்கும், சேடிலை இழுக்கும் லீட் ஸ்க்ரூ பழைய உயரத்திலேயே நிற்கும். அப்புறம் சேடிலுக்கு அடியில் டர்சைட் (வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டிச் சுரண்டணும், டெயில்ஸ்டாக்கையும் உயர்த்தணும். அந்தக் கணக்கை யாரும் முன்னாடி சொல்வதில்லை.

மன்னை டர்னர்: அதற்காகத் தேய்ந்த பெட்டை அப்படியே விடுவதா?

குடந்தை பிட்டர்: எவ்வளவு தேய்மானம், எந்தப் பக்கம்? டூல் 0.1 கீழே இறங்கினால் 25 மி.மீ. வேலையில் விட்டம் 0.001 கூட மாறாது. பக்கவாட்டில் 0.04 நகர்ந்தாலோ விட்டம் 0.08 மாறும். 30 மி.மீ.க்குக் குறையாத கம்பி எடுங்க. மெல்லிசு என்றால் டூல் அழுத்தத்திலேயே வளைந்து முனை தடிக்கும். இரண்டு முனையிலும் நடுவிலும் வளையம் விட்டு, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் மூன்றையும் 0.1 ஆழத்தில் கடையுங்க. மைக்ரோமீட்டர் கணக்கு நேர்கோட்டில் ஏறினால் முறுக்கு. நடு வளையம் கோட்டை விட்டு விலகினால் தேய்மானம்.

கடைமடை: சக்கிலிருந்து 30.00, 30.04, 30.08.

குடந்தை பிட்டர்: அப்போ முறுக்கு. டெயில்ஸ்டாக் பக்கம், நாம் நிற்கும் பக்கத்துக் காலுக்கடியில் 0.05 பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வையுங்க. பெட் பின்னால் சாய்ந்து டூல் வேலையை நெருங்கும். போல்ட்டை இறுக்கி மறுபடி கடைந்து பாருங்க.

மன்னை டர்னர்: சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் கோணலாக இருந்தாலும் இதே நேர்கோடு வருமே! மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வையும் காட்டும் குமிழி மட்டத்தைப் பெட்டின் குறுக்கே இரண்டு கோடியிலும் வையுங்கள். குமிழி ஒரே இடத்தில் நின்றால் முறுக்கே இல்லை, ஹெட்ஸ்டாக் போல்ட்டைத்தான் தளர்த்தணும்.

குடந்தை பிட்டர்: அது சரி, ஷிம்முக்கு முன்னாடி மட்டம் பாருங்க. ஆனால் தரையில் போல்ட் அடிக்காதீங்க. நம்ம களிமண் கோடையில் வெடிக்கும், ஆற்றில் தண்ணீர் வந்தால் உப்பும். தரையோடு பெட்டும் முறுக்கும். சேனல் பிரேம் வெல்டிங் பண்ணி அதன்மேல் உட்காரவையுங்க.

மன்னை டர்னர்: வெல்டிங் பிரேமும் வளையும். மேல்முகத்தை மில்லிங் ஓட்டாமல் உட்காரவைத்தால் தரையே மேல்.