கருப்புப் பூனையை நல்லபடியாகப் படம் எடுப்பது எப்படி?

பாளைக்காரன்:
எங்கள் வீட்டுப் பூனை முழுக் கருப்பு, கண் மட்டும் மஞ்சள். அதன் முகத்தை மட்டும் படம் எடுத்து, 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பட்டாசலில் மாட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. போனில் எடுத்தால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் கரித்துண்டு மாதிரி விழுகிறது, முகமே தெரியவில்லை. பிளாஷ் போட்டால் கண் பச்சையாக எரிகிறது. 24 மெகாபிக்சல் கேமராவும் 50 எம்எம் லென்ஸும் நண்பனிடம் வாங்கிக்கொள்ளலாம். எடிட்டிங்கில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? இடது காதில் பழைய கிழிசல் ஒன்று இருக்கிறது, அதை ஒட்டிவிடலாமா என்றும் அம்மா கேட்கிறார்கள்.

அம்பை அண்ணாச்சி:
தம்பி, முதலில் பிளாஷை மறந்துவிடுங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு, அந்தப் பச்சை அதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் முற்றம் இருந்தால் வேறு விளக்கே வேண்டாம். காலை எட்டு மணிவாக்கில், வெயில் நேராக விழாத தாழ்வாரத்து ஓரத்தில் பூனையை உட்காரவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் வருகிற மாதிரி நீங்கள் தரையில் படுத்து அதன் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். கருப்பு முடியில் உருவம் தெரிவதே அந்தப் பக்க வெளிச்சத்தின் பளபளப்பில்தான், நேர் முன்னாலிருந்து வெளிச்சம் வந்தால் முகம் தட்டையாகிவிடும்.

பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கேமரா அதற்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பூனை இருண்டுபோகும். இருட்டான கதவோ மரத்தூணோ பின்னணியாக இருக்கட்டும். ஆனால் பூனையே படம் முழுக்க நிறைந்தால் கதை தலைகீழ், கேமரா அந்தக் கருப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7 அல்லது 1க்கு இறக்குங்கள். லென்ஸின் திறப்பான அப்பெர்ச்சரை 2.8க்கும் 4க்கும் நடுவில் வையுங்கள், 1.8இல் கண் தெளிவாக இருந்தாலும் மூக்கு மங்கிவிடும். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகாதீர்கள், ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 1600 வரை ஏறினாலும் பரவாயில்லை. போகஸ் கண்ணில்தான். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

தென்காசிக்காரி:
அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. போனில்தான் எடுப்பீர்கள் என்றால் போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று மீசை முடியையும் சேர்த்துத் தின்றுவிடும். கண்ணைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் போகஸ் நிற்கும், அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பூனை திரும்பிப் பார்க்க லென்ஸுக்குப் பக்கத்தில் தீப்பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள், காது இரண்டும் முன்னால் வந்து நிற்கும். அந்தச் சத்தம் சீக்கிரமே பழகிவிடும், அதனால் கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு குலுக்குங்கள். சாரல் நேரத்து மூடிய வானம் கிடைத்தால் விடவே விடாதீர்கள், அதைவிட மென்மையான வெளிச்சம் இல்லை.

எடிட்டிங்கில், ஷேடோவை, அதாவது இருண்ட பகுதியை, ஏற்றி ஏற்றி முடி எல்லாம் தெரிய வைக்கப் பார்க்காதீர்கள், புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்து பூனை சாம்பல் நிறமாகிவிடும். அடிக்கருப்பைக் கருப்பாகவே விட்டுவிட்டு, நடு டோனை மட்டும் லேசாகத் தூக்குங்கள். திறந்த வானத்தின் வெளிச்சத்தில் கருப்பு முடி நீலம் பூத்துத் தெரியும், படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்தினால் சரியாகும். ஆனால் வெயிலில் கிடந்து முதுகில் செம்பட்டை ஏறியிருந்தால் அது அதன் சொந்த நிறம், அதை அழிக்காதீர்கள். கண்ணோரப் பீளை, மீசையில் ஒட்டிய ஒட்டடை, இதையெல்லாம் ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பில் ஹீலிங் கருவி வைத்து எடுத்துவிடலாம், நாளைக்கு இருக்காத சங்கதி. காதுக் கிழிசல் அப்படி இல்லை. அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள், அதை ஒட்டினால் சுவரில் தொங்குவது வேறு பூனை.

பாளைக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணாச்சி. காதை அப்படியே விடச் சொல்லிவிட்டேன், அம்மாவும் சரி என்றுவிட்டார்கள். பிரிண்டுக்குக் கொடுக்கும்போது வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

அம்பை அண்ணாச்சி:
6000க்கு 4000 பிக்சல் படம் 12க்கு 18க்கு அளவாகப் பொருந்தும். முகத்தை நெருக்கி வெட்டினாலும் 3600க்கு 2400க்குக் குறையாமல் பாருங்கள். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், பென்டிரைவில் கொண்டுபோங்கள். திரையில் தெரிவதைவிடத் தாளில் கருப்பு இன்னும் இறங்கும், அதனால் திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதலில் 4க்கு 6இல் ஒரு மாதிரி போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியதைக் கொடுங்கள். முற்றத்துக்கு எதிரே மாட்டுவதாக இருந்தால் மேட் தாள், பளபளத் தாளில் கருப்புக்கு மேல் வாசல் வெளிச்சம்தான் தெரியும்.